விடிலி ஓரத்துப் பாடம்

பாளையங்கோட்டையிலிருந்து தெற்கே தேரிக்காட்டைக் கடந்து கடற்கரை வரைக்கும் போய்ப் பாருங்கள். எந்த ஊர்க் கிறிஸ்தவக் கோவிலிலும் சுவரில் பதித்த கல்லில் ஒரு வெள்ளைக்கார மிஷனரியின் பெயர் இருக்கும். ரேனியுஸ், ஜான் தாமஸ், கால்டுவெல். நான் மதிக்கிற பெயர்கள்தான். ஆனால் அதே ஊரில் ஒரு பழைய குடும்பத்தின் திண்ணையில் உட்கார்ந்து, உங்கள் முன்னோர்கள் கிறிஸ்துவைப் பற்றி முதன்முதலில் யார் வாயால் கேட்டார்கள் என்று விசாரித்தால், கல்லில் உள்ள பெயரை யாரும் சொல்வதில்லை. மாமன் சொன்னார் என்பார்கள். கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து வந்த அத்தை சொன்னாள் என்பார்கள். இல்லையென்றால், சபையில் ஜெபமும் பாடமும் நடத்துகிற உபதேசியார் சொன்னார்.

என் தாத்தா உபதேசியாராக இருந்தவர். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். அவருடைய நாட்குறிப்புகள் என்னிடம் இருக்கின்றன. பென்சிலால் எழுதியவை, பாதி அழிந்துவிட்டன. அவற்றை வாசித்த பிறகுதான் திருநெல்வேலித் திருச்சபையின் வரலாற்றை வேறு கோணத்தில் தேட ஆரம்பித்தேன். யார் எப்போது கப்பலில் வந்து இறங்கினார்கள் என்பதற்குத் தேதி இருக்கிறது. அடுத்த வீட்டுக்காரரிடம் அதைச் சொன்னவர்களுக்குத் தேதியும் இல்லை, பல சமயம் பெயரும் இல்லை.

எங்கள் கடற்கரையில் உள்ளூர் ஆளே சொல்லிக்கொடுப்பது புராட்டஸ்டண்ட் மிஷன்களுக்கு வெகு முன்பே தொடங்கிய வழக்கம். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. ஜெபங்களைத் தமிழில் எழுதி வாங்கி மனப்பாடமாகச் சொன்னார். அவரால் எல்லா ஊரிலும் தங்க முடியவில்லை. ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளையை வைத்தார். பிள்ளைகளைக் கூட்டுவது, ஜெபம் சொல்லிக்கொடுப்பது, சாகக் கிடக்கிற குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது எல்லாம் அந்த உள்ளூர் ஆளின் பொறுப்பு. பிள்ளைகளை நோயாளிகளின் வீட்டுக்கு அனுப்பி ஜெபிக்கச் சொன்னதாகச் சவேரியாரே கடிதங்களில் எழுதியிருக்கிறார். நோயாளியின் கட்டிலருகே நின்ற அந்தப் பரதவர் வீட்டுச் சிறுவர்களை எந்தப் பட்டியலிலும் காணோம்.

தரங்கம்பாடிக்குச் சீகன்பால்கு 1706இல் வந்தார். 1714, 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகியது. அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். தஞ்சாவூர் ராஜ்யத்துக்குள் மிஷனரிகள் நினைத்தபடி நுழைய முடியாத காலம் அது. ஆனால் அச்சிட்ட புத்தகம் நுழைந்துவிட்டது. தஞ்சாவூர்ப் படையில் வேலைபார்த்த ராஜநாயக்கன் என்ற சிப்பாய், ஏற்கெனவே கத்தோலிக்கராக இருந்தவர், நற்செய்திகளைத் தாமே வாசித்தார். தரங்கம்பாடியோடு தொடர்பு வைத்துக்கொண்டு, பிறகு படை வேலையை விட்டு உபதேசியாரானார். அவர் போன தெருக்கள் பலவற்றில் தரங்கம்பாடி மிஷனரிகள் காலடி வைத்திருக்க முடியாது. எதிர்ப்பு வந்தது, அடிதடியும் நடந்தது. அவர் ஊழியத்தை விடவில்லை.

திருநெல்வேலியில் கதை ஒரு விதவையிடம் தொடங்குகிறது. தஞ்சாவூர்ப் பக்கத்து மராட்டியப் பிராமணப் பெண் ஒருத்தி, ஓர் ஆங்கிலேயப் படை அதிகாரியோடு வாழ்ந்தவள். அவர்தான் அவளுக்குக் கிறிஸ்தவம் பற்றிச் சொல்லிக்கொடுத்தார். அவள் ஞானஸ்நானம் கேட்டபோது, முறையான திருமணம் இல்லை என்று மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். அதிகாரி இறந்தபின், 1778இல் பாளையங்கோட்டையில் அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துக் குளோரிந்தா என்று பெயரிட்டார். ஊருக்குள் ஒதுக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு அடுத்து என்ன செய்ய முடியும்? அவள் தன் வீட்டைச் சுற்றியிருந்தவர்களிடம் பேசினாள், பிள்ளைகளைக் கூட்டிப் பாடம் சொல்ல வைத்தாள், உபதேசியார் வேண்டும் என்று தஞ்சாவூர் மிஷனிடம் விடாமல் கேட்டாள். 1780இல் எழுதப்பட்ட பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் 40 பேர். அதில் முதல் பெயர் அவளுடையது. 1785இல் அவள் முயற்சியில் கட்டிய கோவிலைச் சுவார்ட்ஸ் பிரதிஷ்டை செய்தார். இன்றும் ஜனங்கள் அதைப் பாப்பாத்தியம்மாள் கோவில் என்றுதான் சொல்கிறார்கள். கல்லில் யார் பெயர் இருந்தாலும் ஜனங்களின் வாய் யாரை நினைவில் வைத்திருக்கிறது என்பதற்கு எனக்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

பனங்காட்டுக்குள் இந்தச் செய்தி போனது தாவீது சுந்தரானந்தம் என்பவரால். சாத்தான்குளம் பக்கத்து நாடார் குடும்பத்துப் பிள்ளை. சொந்த ஊரை விட்டுப் போய்த் தஞ்சாவூரில் ஞானஸ்நானம் பெற்றவர். 1790களின் கடைசியில் சத்தியநாதன் என்ற உள்நாட்டுக் குருவானவரோடு ஊழியம் செய்ய ஊர்ப்பக்கம் திரும்பினார். நேராகத் தம் உறவுக்காரர்களிடம்தான் போனார். அவர் பேசியது அவர்கள் பேச்சு. பனையேற்றத்தின் பாடு என்ன, வரி என்ன, ஊர்ப் பெரியதனக்காரர்களின் கெடுபிடி என்ன என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. குடும்பம் குடும்பமாக வந்தார்கள். வந்தவர்களின் வீடுகளும் ஜெப வீடுகளும் கொளுத்தப்பட்டன. விரட்டப்பட்ட குடும்பங்களுக்கு 1799இல் ஒரு நிலத்தை வாங்கி அங்கே குடியேற்றினார் தாவீது. அதுதான் முதலூர். தாவீது கொல்லப்பட்டார் என்றே எங்கள் பக்கத்துச் சபைகள் நினைவில் வைத்திருக்கின்றன.

அதன்பின் 1802 வாக்கில் மிஷனரி கெரிக்கே ஐயரும் சத்தியநாதன் ஐயரும் சுற்றி வந்தபோது ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றார்கள். அவ்வளவு பேரை வைத்துப் பராமரிக்க ஆள் இல்லை. பஞ்சம் வந்தது, கொள்ளைநோய் வந்தது, பலர் பின்வாங்கினார்கள். பல வருஷம் பாளையங்கோட்டைப் பக்கம் தங்கியிருந்து கவனிக்க ஒரு மிஷனரியும் இல்லை. 1816இல் ஜேம்ஸ் ஹப் என்ற படைப்பிரிவுக் குருவானவர் வந்து விசாரித்தபோது, சுமார் 3,000 கிறிஸ்தவர்கள் ஊர் ஊராகச் சிதறிக் கிடந்தார்கள். இந்த எண்ணிக்கை குறைவென்று வரலாற்று நூல்கள் வருத்தப்படுகின்றன. எனக்கு அது வியப்பாக இருக்கிறது. மேற்பார்வை இல்லை, பணம் இல்லை, புத்தகம் கைக்கு எட்டாது. அந்த வருஷங்களில் இந்த 3,000 பேரைக் காப்பாற்றி வைத்தவர் யார்? ஒரு நாட்டு ஐயரும் சில உபதேசிமார்களும், பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுத்த தாய்மார்களும். வேறு விடை எனக்குத் தெரியவில்லை.

அதே காலத்தில் மலைக்கு அந்தப்பக்கம், தென் திருவிதாங்கூரில், மயிலாடியில் நடந்ததும் இதே மாதிரிதான். மகராசன் என்பவர் சிதம்பரத்துக்கு யாத்திரை போய்த் திரும்பும் வழியில் தஞ்சாவூரில் உறவுக்காரர் வீட்டில் தங்கினார். அங்கே கோவிலுக்குப் போனார், கேட்டார், மனம் மாறினார். வேதமாணிக்கம் என்ற பெயரோடு ஊர் திரும்பினார். திரும்பியவர் தம் வீட்டாரிடமும் அக்கம்பக்கத்திலும் சொல்லி ஒரு சிறு கூட்டத்தைச் சேர்த்துவிட்டுத்தான் மிஷனரியைக் கூப்பிட்டார். மிஷனரி ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்கு வந்தபோது அவரை வரவேற்கச் சபை ஏற்கெனவே இருந்தது.

இந்த மனிதர்களை வரிசையாகப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகத் தெரிகிறது. விசுவாசம் எங்கள் நாட்டில் பந்துஜனத்தின் வழியாகத்தான் நடந்தது. கலியாணம், சாவு, கொடுக்கல் வாங்கல் நடக்கிற அதே பாதை. அதனால்தான் அவ்வளவு வேகமாகப் போனது. அதே காரணத்தால்தான் சாதியின் எல்லை வந்ததும் நின்றும் போனது. இதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை. மாமனிடம் சொன்னவன், மச்சானிடம் சொன்னவன், தெரு தாண்டி இருந்த சேரியில் சொல்லப் போகவில்லை. ஊர் முழுக்கக் கிறிஸ்தவர்களாகி, முழுக்க ஒரே சாதியாகவும் இருந்தது. பல சபைகளில் உட்காரும் இடமும் கல்லறைத் தோட்டமும்கூடப் பிரிந்து கிடந்தன. திருவிருந்து எடுத்த கையால் தண்ணீர் கொடுக்கத் தயங்கியவர்கள் நம் முன்னோர்களில் இருந்தார்கள்.

ரேனியுஸ் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்தபின் உபதேசியார் என்ற பதவிக்கு ஒழுங்கு வந்தது. கிராமத்தில் சிலர் படிக்க வருகிறோம் என்றால் அங்கே ஒரு ஓலைக்கூரை ஜெபவீடு, ஓர் உபதேசியார். காலையும் மாலையும் ஜெபம், பகலில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். உபதேசியார்களை அவர் தவறாமல் பாளையங்கோட்டைக்கு வரவழைத்துப் பாடம் நடத்தினார், ஊர் நிலவரம் கேட்டார். 1830இல் தொடங்கிய தர்ம சங்கம், விரட்டப்பட்ட குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்தது. இன்று எங்கள் பக்கத்தில் புரம் என்று முடிகிற கிறிஸ்தவ ஊர்களில் பலவற்றுக்கு இதுதான் பின்னணி.

என் தாத்தா அந்த வரிசையில் நூறு வருஷம் பிந்தி வந்தவர். அவருடைய நாட்குறிப்பில் பிரசங்கத்தைப் பற்றிய குறிப்பு மிகக் குறைவு. ஞாயிறு என்று போட்டு வசன எண்ணும், வந்தவர் தொகையும், காணிக்கையும் ஒரே வரியில் முடிந்துவிடும். மற்ற நாட்கள்தான் நீளும். யாருக்குக் கொழும்புக் கடிதம் வாசித்தார், யாருக்குப் பதில் எழுதிக் கொடுத்தார், எந்த வீட்டில் காய்ச்சல், யாருக்குக் கொயினா வாங்கிக் கொடுத்தார், எந்த அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் உட்கார்ந்து பேசினார் என்றே பக்கங்கள் போகும். அந்தக் காலத்தில் எங்கள் ஊர் ஆண்களில் பலர் கொழும்பில் கடைகளில் இருந்தார்கள். வீட்டில் இருந்த பெண்களுக்கு எழுத்து தெரியாது. கடிதம் வந்தால் வேதக்காரர், இந்து என்ற பேதமில்லாமல் உபதேசியார் வீட்டுக்குத்தான் வருவார்கள். “உபதேசியாரே, இதக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லும்” என்று கடிதத்தை நீட்டுவார்கள். ஒரு குடும்பத்தின் கடனும் கண்ணீரும் முழுக்கத் தெரிந்த மனிதர் அவர். தெரிந்ததை வெளியில் சொல்லமாட்டார் என்று ஊர் நம்பியது. அந்த நம்பிக்கை இல்லாமல் அவர் கிறிஸ்துவைப் பற்றிப் பேசியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்?

பனை ஏறும் பருவத்தில் ஜெபவீட்டுக்கு ஆள் வராது. மாசி தொடங்கி ஆடி வரைக்கும் ஆண்கள் விடியுமுன் அரிவாள்பெட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு காட்டுக்குப் போய்விடுவார்கள். சாயங்காலமும் ஏற வேண்டும். பெண்கள் பதநீர் காய்ச்சும் குடிசையான விடிலியை விட்டு நகர முடியாது. பதநீர் அடுப்பில் ஏறிவிட்டால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கண் அசந்தால் பொங்கி வழியும், அடி பிடித்தால் கருப்பட்டி கருகிவிடும், அன்றைய கூலி போச்சு. ஆகவே தாத்தா விடிலிக்குப் போனார். வெக்கை தாங்காமல் வாசல் பக்கம் மணலில் உட்கார்ந்துகொள்வார். உள்ளே கிண்டுகிற பெண்ணுக்குக் கேட்கும்படி ஒரு வசனத்தைச் சொல்வார். அவள் துடுப்பைப் போட்டபடியே திருப்பிச் சொல்வாள். பாகு பதம் வரும் நேரம் வந்தால் அவள் பேச்சை நிறுத்திவிடுவாள், இவரும் நிறுத்திவிடுவார். சிரட்டையில் ஊற்றி முடிந்தபின் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள். ஞானஸ்நானத்துக்கு வேண்டிய விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளை, கர்த்தருடைய ஜெபம் எல்லாவற்றையும் அப்படியே மனப்பாடம் செய்த பெண்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவரை நான் சிறுமியாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். வாசிக்கத் தெரியாது. சங்கீதங்களை வரிசை பிசகாமல் சொல்வார்.

சோற்றுக்காக வேதத்துக்கு வந்தவர்கள் என்று எங்களை ஏசுவது உண்டு. 1877 பஞ்சத்துக்குப் பின் ஆயிரக்கணக்கானோர் சபைகளில் சேர்ந்தது உண்மை. கஞ்சித்தொட்டியும் ஒரு காரணம், வரி கேட்பவன் முன்னால் எழுந்து நின்று பேச ஓர் ஆள் கிடைத்ததும் ஒரு காரணம். பசித்தவன் சோறு கிடைக்கும் இடத்துக்கு வருவதில் எனக்கு வெட்கமில்லை. மழை பெய்து பனையும் வயலும் மீண்டபின், கொஞ்சம் பேர் போனார்கள். கொஞ்சம் பேர் இருந்தார்கள். நிலைத்தது பெரும்பாலும் உபதேசியார் வீடு இருந்த ஊர்களில் என்பது நான் பழைய குடும்பங்களில் விசாரித்துத் தெரிந்துகொண்டது. கஞ்சி நின்றபின்னும் அந்த மனிதர் அங்கேயே குடியிருந்தார்.

உபதேசியார் நுழைய முடியாத இடம் ஒன்று இருந்தது: வீட்டின் உள்கட்டு. அங்கே போனவர்கள் பைபிள் உமன்கள். இவர்களில் விதவைகள் அதிகம். வெள்ளைச் சீலை, கையில் ஒரு பை. எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறோம், தையல் சொல்லிக்கொடுக்கிறோம் என்று பின்வாசல் வழியாகப் போவார்கள். பண்ணைவிளையைச் சேர்ந்த பொன்னம்மாளைப் பற்றி மிஷனரி எமி கார்மைக்கேல் அம்மையார் ஒரு தனிப் புத்தகமே எழுதியிருக்கிறார். பொன்னம்மாள் இளம் வயதில் விதவையானவர். கார்மைக்கேல் அம்மையார் 1890களின் கடைசியில் சேர்த்த பெண்கள் குழுவோடு மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போனார். அந்தக் குழுவின் பெண்கள் நகையைக் கழற்றிவிட்டார்கள். இன்றைக்கு வாசிப்பவர்களுக்கு இது சிறு விஷயமாகத் தோன்றலாம். எங்கள் நாட்டில் ஒரு குடும்பத்தின் மானமே பெண்ணின் காதிலும் கழுத்திலும் தொங்கிய காலம் அது. பாம்படம் இல்லாத காதோடு ஒரு பெண் தெருவில் நடந்தால் சொந்தக்காரர்களுக்குத் தலைகுனிவு. கிறிஸ்தவச் சொந்தக்காரர்களுக்கும்தான். பந்துஜனத்தின் பாதையிலிருந்து முதலில் இறங்கி நடந்தவர்கள் இந்தப் பெண்கள் என்று நான் நினைக்கிறேன். 1901 முதல் அந்தக் குழுவின் வேலை தோனாவூரில், இந்துக் கோவிலுக்கு விடப்படவிருந்த குழந்தைகளை வளர்ப்பதாக மாறியது. பொன்னம்மாள் கைக்குழந்தைகளின் பொறுப்பை ஏற்றார். எந்தச் சாதிப் பிள்ளை என்று தெரியாத குழந்தைகளுக்கு அவர் இராத்திரி கண்விழித்துப் பாலூட்டினார். 1915இல் இறந்தார்.

பந்துஜனத்தின் அந்தப் பாதையிலிருந்து இன்னும் தூரம் போனவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874இல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். தகப்பனார் அந்த ஊர்க் குருவானவர். 1902இல் அசரியா யாழ்ப்பாணம் போனார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் இந்தியாவுக்கு ஊழியர் அனுப்புவதைப் பார்த்தார். ஈழத்தின் சின்னச் சபை செய்வதை இத்தனை பெரிய திருநெல்வேலி ஏன் செய்யவில்லை என்ற கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை. 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. ஆளும் நம்முடையவர், பணமும் நம்முடையது, நிர்வாகமும் நம்முடையது என்பது அதன் ஏற்பாடு. நிஜாம் சீமையில், தெலுங்கு பேசும் மாலா, மாதிகா மக்களிடம் போனார்கள். பாஷை வேறு, சாதி வேறு, சாப்பாடு வேறு. 1909இல் அசரியா தாமே தோர்ணக்கல்லுக்குக் குடிபோய்த் தெலுங்கு படித்தார். 1912இல் இந்திய ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

இந்தச் சங்கத்துக்கு எங்கள் வீட்டின் பங்கு பிடி அரிசி. ஆச்சி உலை வைக்குமுன் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவாள். அரிசி இல்லாத நாளில் கேப்பை. ஒரு பிடி குறைந்தால் யாருக்குக் குறையும் என்று எங்களுக்குத் தெரியும். ஆச்சி கடைசியில் சாப்பிடுகிறவள். பானை நிறைந்ததும் கோவிலில் விற்றுப் பணத்தைச் சங்கத்துக்கு அனுப்புவார்கள். தோர்ணக்கல் எந்தத் திசையில் இருக்கிறது என்று ஆச்சிக்குத் தெரியாது. அங்கே ஊழியம் செய்த ஐயரின் பெயர் தெரியும். இராத்திரி ஜெபத்தில் அந்தப் பெயரைச் சொல்வாள்.

தோர்ணக்கல்லில் அசரியா செய்தது, விடிலி ஓரத்தில் தாத்தா செய்ததைப் பெரிய அளவில் செய்ததுதான். எழுதப் படிக்கத் தெரியாத கூலி ஜனங்களுக்குப் பாட்டாகவும் கதையாகவும் வேதத்தைச் சொல்லிக்கொடுத்தார். ஞானஸ்நானம் எடுக்கிறவரைத் தம் தலையில் கை வைத்து, நான் ஞானஸ்நானம் பெற்றவன், சுவிசேஷத்தைப் பிறருக்குச் சொல்லாவிட்டால் எனக்கு ஐயோ என்று அறிக்கையிடச் சொன்னார். வருஷத்தில் ஒரு வாரம் சாட்சி வாரம். அந்த வாரத்தில் குருவானவர் போலவே களை பறிக்கிற பெண்ணும் பக்கத்து ஊருக்குப் போக வேண்டும். போய் என்ன சொல்வார்கள்? தத்துவமா சொன்னார்கள்? குடியை விட்டதைச் சொன்னார்கள், பயம் போனதைச் சொன்னார்கள். மேல்சாதி விவசாயிகளில் சிலர், தங்கள் வயலில் வேலைசெய்கிற மாதிகாக்களின் நடத்தை மாறியதைப் பார்த்தே விசாரிக்க வந்தார்கள் என்று அசரியா பதிவு செய்திருக்கிறார். 1945 ஜனவரி முதல் நாள் அவர் இறந்தபோது அந்தப் பேராயத்தில் கிறிஸ்தவர்கள் இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள்.

தாத்தாவின் நாட்குறிப்புகளை இப்போது படி எடுத்துக்கொண்டிருக்கிறேன். பென்சில் எழுத்து மங்கிய இடங்களில் காகிதத்தைச் சாய்த்து வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் சில வரிகள் கிடைக்கின்றன. இப்படிப்பட்ட நோட்டுகள் எங்கள் பக்கத்து உபதேசியார் குடும்பங்களில் இன்னும் இருக்கின்றன. பரணிலும் டிரங்குப் பெட்டியிலும் கிடக்கின்றன, கரையான் அரிக்கின்றது. பெரியவர் இறந்ததும் பழைய காகிதம் என்று எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். எங்கள் சேகரத்தில் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு முன்னால் வீடு வீடாகக் கேட்டு வாங்கலாம் என்று பேசி முடித்திருக்கிறோம். முதலில் முதலூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்த எங்கள் சித்தி வீட்டுக்குப் போக வேண்டும். அவள் மாமனாரும் உபதேசியார்; அவருடைய பெட்டியை இன்னும் யாரும் திறக்கவில்லை என்று சொன்னாள்.